பன்னிரண்டாவது கிளாம்ப்

கையை எடுத்தால் போச்சு. இளஞ்சேரனுக்கு அந்த நிமிஷத்தில் நிச்சயமாகத் தெரிந்தது அது ஒன்றுதான். பத்தடி நீளத் தேக்குச் சட்டம், படகின் பின்பக்கத்தில் ஆரம்பித்து விளிம்போடு ஒட்டிக்கொண்டே வளைந்து வந்து, பதினோரு கிளாம்புக்கும் அடங்கி, கடைசி ஒரு முழத்தில், படகின் மூக்கு கூராகிற இடத்தில், இதற்கு மேல் வளைய முடியாது என்று முறுக்கிக்கொண்டு நின்றது. அந்த இடத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பன்னிரண்டாவது கிளாம்ப் காலடியில் கிடந்தது. திருகத் திருக ஒழுங்காகத்தான் இறுகிக்கொண்டு வந்தது, கடைசிச் சுற்றில் மரை கழன்று லொடலொடவென்று ஆடி விழுந்துவிட்டது. விழுந்த மறு நொடி அவர் பாய்ந்து சட்டத்தை இரண்டு கையாலும் படகோடு சேர்த்து அமுக்கினார். அமுக்கியவர் அமுக்கியபடியே நின்றார். அறுபத்து நாலு வயசுக்கு அந்தப் பாய்ச்சல் பெருமைப்படத்தக்கதுதான், பார்க்க ஆளில்லை. கூடத்திலிருந்து கழற்றி வந்து ஷெட்டில் மாட்டியிருந்த கடிகாரம் பத்து ஐம்பது காட்டியது. பசை இறுக எப்படியும் மூன்று மணி நேரம். டப்பாவில் அப்படித்தான் போட்டிருந்தது. சித்திரை வெயிலும் தகரக் கூரையும் சேர்ந்து அதைக் கொஞ்சம் குறைக்கலாம். எவ்வளவு குறைக்கும் என்று டப்பாவில் போடவில்லை.

மூன்று மணி நேரம் ஒரு மனுஷன் கையைத் தூக்கியபடி நிற்க முடியுமா? முடியும் என்று முதலில் நினைத்தார். பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் நிற்க வைத்தார்களே, நிற்கவில்லையா? அப்புறம் தோளுக்குள் ஏதோ ஒன்று மெல்ல எரிய ஆரம்பித்ததும், பள்ளிக்கூடத்தில் வைத்ததெல்லாம் ஒரு பீரியடுக்குத்தான் என்று ஞாபகம் வந்தது. விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்த விஷயம். போன வெள்ளிக்கிழமை இதே இடத்தில் இதே நேரத்தில் முதல் சட்டம் கையிலிருந்து நழுவிச் சுண்டியது. படாரென்று ஒரு சத்தம், நடுவில் நீளமாக ஒரு வெடிப்பு. அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு ஷெட்டிலேயே உட்கார்ந்திருந்தார். மறு பக்க விளிம்புக்கு முன்பே ஒன்று ஒட்டியாகிவிட்டது, இந்தப் பக்கத்துக்கு மரவாடியில் பத்தடியில் முடிச்சில்லாத சட்டமாக மிச்சம் இருந்தது இரண்டே இரண்டுதான். இது இரண்டாவது. இதுவும் போனால் படகு போச்சு, மே மாசத்துக்குள் வேறு சட்டம் கிடைத்து, அறுத்து, இழைத்து, ஒட்டி, சாயம் அடித்து, நடக்கிற காரியமா? முதலில் பசையில்லாமல் ஒரு தடவை வெறுமனே வைத்து எல்லாக் கிளாம்பையும் முடுக்கிப் பார், எல்லாம் சரியாக உட்கார்ந்தால் கழற்றிவிட்டு அப்புறம் பசையைக் கலக்கு என்று படகு செய்யச் சொல்லித்தருகிற வீடியோவில் ஒரு தாடிக்காரன் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொல்லியிருந்தான். அப்படிச் செய்திருந்தால் மரை அப்போதே கழன்றிருக்கும். பசையும் இல்லை, பாதகமும் இல்லை, சாவகாசமாகக் கடைக்குப் போய் வேறொரு கிளாம்ப் வாங்கி வந்திருக்கலாம். ஆனால் அதற்கு அரை மணி நேரம் ஆகும். அரை மணி ஆனால் பத்தரை தாண்டிவிடும். பத்தரை தாண்டினால் என்ன? அந்தக் கேள்வியின் பக்கம் அவர் மனசு போகவில்லை, போனதை இழுத்துப் பிடித்து வேறு பக்கம் திருப்பினார். துணிக்கொடியில் நைலான் கயிறு இருக்கிறது. ஐந்து எட்டு வைத்தால் எட்டிவிடலாம். அந்த ஐந்து எட்டுத்தான் வைக்க முடியாது.

கூப்பிடலாம். அடுக்களை ஜன்னல் ஷெட்டுக்கு நேரே திறந்துதான் இருந்தது. மனைவி அம்சவேணி உள்ளே ஏதோ செய்துகொண்டிருக்கும் சத்தம் கேட்டது, குழாய் திறப்பதும் மூடுவதும், பாத்திரத்தின் மேல் பாத்திரம் வைப்பதும். அவள் தெரியவில்லை. அம்சா என்று ஒரு வார்த்தை. இரண்டே எழுத்து, இல்லை, மூன்று. முப்பத்தேழு வருஷத்தில் எத்தனை ஆயிரம் தடவை கூப்பிட்ட பெயர், தண்ணீர் கேட்டு, கண்ணாடி கேட்டு, காணாமல் போன பேனாவைக் கேட்டு. பதினாலு மாசமாக அந்தப் பெயர் வீட்டில் கேட்கவில்லை. சண்டையில்லை, சத்தமில்லை. அவள் பேச வேண்டியதை ஃபிரிட்ஜைப் பார்த்துச் சொல்வாள். "சோறு ஆறுது." "கேஸ் வர்ற நாளு." இவர் பதிலை மின்விசிறிக்குச் சொல்வார். "வரட்டும்." ஃபிரிட்ஜும் மின்விசிறியும் நல்ல தம்பதியாக இருந்தன. பார்க்கப் போனால் அவர் அப்படி என்ன தப்பு செய்துவிட்டார்? ஆக்லாந்திலிருந்து மகன் செழியன் தன் கல்யாணச் சேதி சொன்னது கல்யாணத்துக்குப் பதிமூன்று நாள் முன்பு. பதிமூன்று நாள்! பல் பிடுங்கப் போவதற்குக்கூட அதைவிட முன்னால் சொல்லலாம். பெண் ஹன்னா வெள்ளைக்காரி என்பதில் அவருக்கு ஒன்றுமில்லை, ஜாதி மதம் பார்க்கிற வீடா இது? ஆனால் சர்ச்சில் என்றான். பாதிரியார் முன்னால் மண்டி போட்டு. இளஞ்சேரன் பெற்ற பிள்ளை. கொள்கைக்கு விரோதமான இடத்துக்கு நான் வர மாட்டேன் என்று சொன்னார். கொள்கை என்று சொன்னது வசதியாக இருந்தது, பதிமூன்று நாள் என்று சொல்லியிருந்தால் சின்னத்தனமாக இருந்திருக்கும். அதோடு நிறுத்தியிருக்கலாம். நீயும் போக வேண்டாம் என்று அவளிடம் சொன்னார். அவள் அடம்பிடிக்கவில்லை. நான் மட்டும் போயிட்டு வந்துடறேங்க என்று ஒரு தடவை கேட்டாள். அன்றைக்குச் சாயங்காலமே அவள் பாஸ்போர்ட்டை எடுத்துத் தன் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை எப்போதும் வைக்கிற இடத்தில் வைத்தார், அப்பாவின் போட்டோவுக்குப் பின்னால். பூட்டுகிற சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் கொஞ்சம் பலமாகவே பூட்டினார், அதுதான் இப்போது நினைத்தாலும் கூசுகிறது. கூசுகிறதா? இல்லை. சரி, கொஞ்சம்.

வலது தோளிலிருந்து எரிச்சல் இறங்கி முழங்கைக்கு வந்துவிட்டது. கையை மாற்றிப் பிடிக்கலாம் என்று ஒரு விரலைத் தளர்த்தினார். சட்டம் உடனே ஒரு நூல் அளவு வெளியே வந்தது, இடுக்கில் பசை நூல் நூலாக இழுபட்டது. ஐயோ என்று மறுபடி அமுக்கினார். இது என்ன வேண்டாத வேலை. ஆபீசில் முப்பத்தாறு வருஷம் கையெழுத்துத் தவிர கையால் வேறெதுவும் செய்யாதவர், ஓய்வு பெற்ற பிறகு சம்மணம் போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்திருக்கலாம். எல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் செழியன் அம்மாவோடு வீடியோவில் பேசுவான், அவள் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு வெங்காயம் உரித்தபடி பேசுவாள். இவர் கூடத்தில் பேப்பரைப் பிடித்துக்கொண்டு ஒரு வரியும் படிக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார். அன்றைக்குத் தண்ணீர் குடிக்கிற சாக்கில் பின்னால் போனபோது திரையில் ஒரு படகு தெரிந்தது. சின்னது, வெள்ளைப் பாய், வழவழவென்று மரம். பக்கத்தில் அவன் மாமனார் கிரேம், அரைக்கால் சட்டையும் செம்பட்டை மீசையும். "டாட் கையாலேயே செஞ்சதும்மா, வீட்டு கராஜ்லயே வெச்சு. நானும் கூட நின்னு இழைச்சேன்" என்றான் செழியன். டாட். இங்கிலீஷில் சொன்னால் அர்த்தம் வேறாகிவிடுமா? இவள் சும்மா இருக்காமல், "உங்கப்பாவும் ஒண்ணு செய்யலாமே" என்றாள். "அப்பாவா? வீட்ல பல்பு மாத்தறதே நீதானேம்மா" என்றான் அவன். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவன் சிரித்தது போகட்டும். அவள் சிரித்தாள். இத்தனை மாசமாக அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு, வெங்காயக் கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டு. பின்னால் டம்ளரோடு ஒருத்தர் நிற்கிறார் என்று தெரிந்தும் நிறுத்தவில்லை. மே மாசம் ரெண்டு பேரும் வர்றோம்மா என்று அன்றைக்குத்தான் சொன்னான். மறுநாள் காலையில் இவர் படகு வரைபடம் தேடிப் பிடித்தார். மகனும் மருமகளும் வந்து இறங்கும்போது ஷெட்டில் படகு நிற்க வேண்டும். ஒன்றும் சொல்லக் கூடாது. அவனாகப் பார்த்து, யாருப்பா செஞ்சது என்று கேட்க வேண்டும். நான்தான் என்று பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்ல வேண்டும். அப்புறம் மூன்று பேருமாக, நாலு பேர், அம்சவேணியும் வந்தால், உப்பனாற்றில் இறக்கிப் பார்க்கலாம். தண்ணீரில் நிற்குமா என்பது வேறு விஷயம். கடலூரிலேயே பிறந்து வளர்ந்து ஒரு தடவைகூடப் படகில் ஏறாதவர் அவர், நீச்சலும் தெரியாது. அதையெல்லாம் யார் கேட்கப் போகிறார்கள்?

மூடியில்லாத பிளாஸ்டிக் கிண்ணத்தில் மீந்திருந்த பசையிலிருந்து மெல்லிசாகப் புகை வந்தது. தானாகவே சூடாகிக் கொதிக்கிறது. கலக்கினதில் பாதி வீண். அவசரத்தில் அளவு பார்க்காமல் ஊற்றினார். என்ன அவசரம்? மறுபடி அங்கேயே வந்து நின்றது மனசு, பலகையில் ஆணி தட்டுப்பட்ட ரம்பம்போல. சரி, ஒத்துக்கொள்ளலாம், இங்கே யார் இருக்கிறார்கள்? காலையில் அவள் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது அடுக்களைக்குப் போய் நாள்காட்டியைப் பார்த்தார். தேதி பார்க்கத்தான் போனார். வெள்ளிக்கிழமை என்று தெரியும், தேதியும் தெரியும், இருந்தாலும் போனார். கண்ணாடி இல்லாததால் விரலை வைத்துப் படிக்க வேண்டியிருந்தது. ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு. போன வாரம் சட்டம் வெடித்தபோது மணி பதினொன்று. இதெல்லாம் தற்செயல் என்று அவருக்குத் தெரியாதா, எத்தனை மேடையில் பேசியிருக்கிறார். பத்தரைக்குள் முடித்துவிட்டால் பேச்சே இல்லையே என்று ஒரு பக்கம் தோன்றியது, அவ்வளவுதான். அப்படியும் ஒவ்வொரு கிளாம்பாக முடுக்குவதற்குள் பத்தரை தாண்டிவிட்டது. அப்பா பார்த்திருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பார். இயக்கம் இயக்கம் என்று இருந்தவர் அவர். தன் ஒரே மகனின் கல்யாணத்தை ஆடி மாசத்து வெள்ளிக்கிழமையில், பத்தரைக்கு மேல், நல்ல ராகு காலமாகப் பார்த்து வைத்தார். அழைப்பிதழிலேயே அதைக் கொட்டை எழுத்தில் போட்டார். மாலையை மாற்றிக்கொண்டபோது கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அம்சவேணியின் அம்மா மண்டபத்துக்குள் வரவேயில்லை, வெளியே வேனிலேயே உட்கார்ந்திருந்தாள். அம்சவேணி தலையைக் குனிந்தபடி இருந்தாள், வெட்கம் என்று போட்டோக்காரன் சொன்னான். முந்தின நாள் அவள் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள், ஒன்பதரைக்கு வெச்சுக்கலாமாங்க, ஒரு மணி நேரம்தானே, யாருக்கும் சொல்ல வேணாம் என்று. இவர் சிரித்தார். சிரித்துவிட்டுப் பூமி சூரியனைச் சுற்றுவதைப் பற்றி விளக்கினார். மறு வருஷம் பெண் குழந்தை பிறந்து ஒன்பதாம் நாள் போய்விட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமியார் வாயில் அடித்துக்கொண்டு, அந்த நேரம்தான், அந்த நேரம்தான் என்று அழுதபோது, இவர் எல்லோர் முன்னாலும் நின்று, இருதயத்தில் ஓட்டைக்கும் நேரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். சரியான கேள்விதான். இன்றைக்கும் சரியான கேள்விதான். ஆனால் துணியில் சுற்றின குழந்தை அப்போது அவள் மடியில் இருந்தது. அவள் நிமிர்ந்து இவரைப் பார்த்தாள். இவர் பேசி முடித்தார். அந்த நேரத்தைப் பற்றி அவள் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை, நாள்காட்டியில் தாளை மட்டும் தினமும் கிழிப்பாள்.

இடது கை மரத்துவிட்டது. அமுக்குகிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வியர்வை புருவத்தைத் தாண்டிக் கண்ணில் இறங்கிக் கரித்தது, துடைக்கக் கையில்லை. மணி பதினொன்று இருபது. இருமிப் பார்த்தார். அடுக்களையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை, கொஞ்சம் பலமாக. குழாய் நின்றது, ஆனால் யாரும் வரவில்லை, வெக்கையில் நிற்கிற கிழவன் இருமினான் என்று விட்டிருப்பாள். மின்விசிறிக்குச் சொல்கிற மாதிரி படகுக்குச் சொல்லலாமா, யாராவது ஒரு கை பிடித்தால் தேவலை என்று? அது கேவலம், கெஞ்சுவதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. விட்டுவிடலாம். சுண்டிக்கொண்டு போகட்டும், வெடித்துப் போகட்டும், மே மாசம் அவன் வந்தால் என்னமோ ஆரம்பிச்சீங்களாமே என்பான், சரியா வரல என்று சொல்லிவிட்டுப் போகலாம். அவள் அப்போதும் சிரிப்பாளா? சட்டம் உள்ளங்கைக்குள் மெல்ல ஊர்ந்தது. இன்னொரு நூல். அவருக்குப் பயம் வந்தது. சின்னப் பயமில்லை, ஒரு மரத்துண்டுக்காக இப்படி ஒரு பயமா என்று அவரே ஆச்சரியப்படும்படி.

"அம்சா" என்றார்.

குரல் கரகரத்து வந்தது. அது போய்ச் சேர்ந்ததா என்று யோசிக்கும் முன்பே அவள் கொல்லைப் படியில் இறங்கிவிட்டாள். கையில் தேங்காய்த் துருவி. மேஜை விளிம்பில் வைத்துக் கீழே திருகி முடுக்கிக்கொண்டு, கைப்பிடியைச் சுற்றுகிற எவர்சில்வர் துருவி. கழுவித் துடைத்து, மடித்த பால் கவர் ஒன்றையும் கூட எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். இது கூப்பிட்ட பிறகு எடுத்த சாமான் இல்லை என்று அவருக்குப் புரிந்தது.

"எவ்வளவு நேரமா பாக்குற?" என்றார்.

"அது கழண்டு விழுந்ததுல இருந்து. கூப்புடறீங்களான்னு பாத்துக்கிட்டிருந்தேன்." அவள் அவர் கைக்கு அடியில் குனிந்தாள். "கைய எடுக்காதீங்க. கொஞ்சம் தள்ளி மட்டும் நில்லுங்க."

பசை ஒட்டாமல் பால் கவரை விளிம்பில் போர்த்தி, துருவியின் வாயைச் சட்டத்தின் மேல் மாட்டி, அடியில் திருகை முடுக்க ஆரம்பித்தாள். சட்டம் அடங்கிப் போய்ப் படகோடு உட்கார்ந்தது. அவளுடைய தலை அவர் மார்புக்குக் கீழே இருந்தது. நரைத்த வகிடு, தேங்காய் எண்ணெய் வாசனை. பதினாலு மாசத்தில் இவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை. ஏதாவது சொல்ல வேண்டும், சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது, வாயைத் திறந்தார்.

"ரொம்ப இறுக்காத. பசை வெளிய வந்துடும்" என்றார்.

அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு இன்னும் ஒரு சுற்று முடுக்கிவிட்டு நிமிர்ந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"செழியன் மே மாசம் வரல."

"ஏன்?"

"ஹன்னாவுக்கு ஏழு மாசம் நடக்குது. ஃபிளைட்ல போக வேணாம்னு டாக்டர் சொல்லிட்டாங்களாம்."

ஏழு மாசம். இந்தப் படகுக்கு எட்டு மாசம். அவர் தேவையில்லாமல் அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை தோறும் கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவருக்கு இது எப்படித் தெரியாமல் போயிற்று? சில ஞாயிறு அவள் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். கீழே சிக்னல் கிடைக்கவில்லை என்று அவராகவே நினைத்துக்கொண்டார்.

"நான் போறேங்க" என்றாள் அவள். "வர்ற வியாழக்கிழமை. விசா வந்துடுச்சு. என் தம்பி மெட்ராஸ் வரைக்கும் வந்து ஏத்தி விடறேன்னான். மூணு மணிக்கு மேல வீட்ட விட்டுக் கெளம்பறேன்."

"பாஸ்போர்ட்டு..."

"சாவிய உங்க அப்பா போட்டோவுக்குப் பின்னாலதானே வெக்கிறீங்க? எத்தன வருஷமா அங்கதானே வெக்கிறீங்க?" அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். "நாலு நாளா சொல்லணும்னு படி வரைக்கும் வருவேன். நீங்க இத இழைச்சுக்கிட்டு இருப்பீங்க. திரும்பிப் போயிடுவேன்."

"எத்தன நாளைக்கு?"

"ஆறு மாசத்துக்குக் குடுத்திருக்காங்க. பாக்கலாம்."

பாக்கலாம் என்றால் என்ன என்று கேட்க வேண்டும். நானும் வருகிறேன் என்று சொல்ல வேண்டும், அதற்கு அவரிடம் விசா இல்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. போகாதே என்று சொல்லலாம், அதைச் சொல்ல இனி ஒரு பூட்டும் மிச்சமில்லை. கடைசியில் அவர் கண் துருவியின் மேல் விழுந்தது.

"அப்ப... சமையலுக்கு இது வேணாமா?"

"எனக்கு இனிமே எதுக்கு? இங்கயே இருக்கட்டும்."

அவள் படி வரை போய்விட்டாள். அங்கே நின்று திரும்பினாள்.

"காலைல காலண்டர்ல நேரம் பாத்தீங்க."

"தேதி பாத்தேன்."

"வெரல் வெச்சுப் பாத்தீங்க. துணி ஒலத்திக்கிட்டே நானும் பாத்தேன்."

அவள் அவரைப் பார்த்தாள், ஆஸ்பத்திரி வராந்தாவில் நிமிர்ந்து பார்த்த அதே பார்வை, இத்தனை வருஷம் கழித்து.

"பரவால்ல. ஒரு பலகைக்காவது பாத்தீங்களே" என்றாள்.

உள்ளே போனாள். அடுக்களைக் குழாய் திறந்தது, மூடியது. கிண்ணத்துப் பசை புகைந்து அடங்கிக் கல்லாகியிருந்தது. துருவி சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது, கை வைக்க வேண்டிய அவசியமே இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. இளஞ்சேரன் கையை எடுக்கப் போனவர் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று நாற்பது. ராகு காலம் முடிய இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. அதுவரைக்கும் எடுக்க வேண்டாம் என்று பிடித்துக்கொண்டே நின்றார்.